கல் எடுக்கப் போனவர்கள் ஸ்டென்ட் மட்டும் வைத்து அனுப்பியது ஏன்? குழந்தைகளுக்குச் செய்யும் யூரிட்டரோஸ்கோப்பி

கேள்வி இதுதான். ஐந்து வயதுப் பையனுக்கு இடது யூரேட்டரின் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீரைக் கொண்டுபோகும் குழாய்) அடிப்பகுதியில் 8 மி.மீ. கல். அந்தப் பக்கச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது. யூரிட்டரோஸ்கோப்பி (அந்தக் குழாய்க்குள் மெல்லிய ஸ்கோப்பை விட்டுப் பார்ப்பது) செய்து கல்லை எடுப்பதாகச் சொல்லி மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே வந்து, “குழாய் குறுகலாக இருக்கிறது, ஸ்டென்ட் (யூரேட்டருக்குள் விட்டுவைக்கும் மெல்லிய குழாய்) வைத்திருக்கிறோம், இரண்டு வாரம் கழித்துக் கல்லை எடுக்கலாம்” என்றார்கள். ஸ்கேனில் குழாய் விரிந்திருப்பதாகத்தானே எழுதியிருக்கிறது, பிறகு எப்படிக் குறுகல்? செய்தவருக்குப் பழக்கம் போதாதா? இன்னொரு தடவை மயக்க மருந்தைக் குழந்தை தாங்குமா?

ஸ்கேன் சொன்னதும் சரி, டாக்டர் சொன்னதும் சரி. கல் அடைத்தால் சிறுநீர் தேங்கி விரிவது கல்லுக்கு மேலே உள்ள பகுதிதான். கல்லுக்குக் கீழே குழாய் எப்போதும்போலத்தான் இருக்கும். ஸ்கோப் மேலிருந்து இறங்குவதில்லை. சிறுநீர் வெளியே வரும் வழியாக நுழைந்து, சிறுநீர்ப்பையைக் கடந்து, கீழிருந்து மேலே ஏறுகிறது. விரியாத அந்தப் பகுதியைத்தான் அது முதலில் சந்திக்கிறது. 1912-ல் ஹியூ ஹாம்ப்டன் யங் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு குழந்தையின் யூரேட்டருக்குள் முதன்முதலாகக் கருவி செலுத்தியதைத்தான் இந்தச் சிகிச்சையின் தொடக்கமாகச் சொல்வார்கள். சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் வெளிவழியில் பிறவியிலேயே வால்வு அடைத்திருந்த குழந்தை அது. அடைப்பு சிறுநீர்ப்பைக்கும் கீழே இருந்ததால் யூரேட்டர் முழுவதும் விரிந்து கிடந்தது, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் சாதாரண சிஸ்டோஸ்கோப்பே உள்ளே போய்விட்டது. உங்கள் பையனுக்கு அந்த வசதி இல்லை.

அளவுகளைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இந்தக் கருவிகளின் பருமனை ‘ஃபிரெஞ்ச்’ என்ற அலகில் சொல்வார்கள். 3 ஃபிரெஞ்ச் என்பது 1 மி.மீ. குழந்தைகளுக்குப் பயன்படும் மெல்லிய, பாதி விறைப்பான ஸ்கோப் நுனியில் 4.5 ஃபிரெஞ்ச், பின்னால் போகப்போக 6.5 ஃபிரெஞ்ச். அதாவது 1.5 மி.மீ.யில் தொடங்கி 2 மி.மீ.க்குச் சற்று மேல். சிறுநீரகத்துக்குள்ளேயே போய் வளைந்து பார்க்கும் ஸ்கோப் 7.5 முதல் 9.5 ஃபிரெஞ்ச் வரை இருக்கும். கிட்டத்தட்ட பால்பாயிண்ட் பேனா ரீஃபில் கனம். யூரேட்டர் இயல்பாகவே மூன்று இடங்களில் இறுகும்: சிறுநீரகத்தை விட்டு இறங்கும் இடம், இடுப்புப் பகுதியின் பெரிய ரத்தக் குழாய்களைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைச் சுவருக்குள் நுழையும் இடம். மூன்றாவதுதான் மிகக் குறுகல். உங்கள் பையனின் கல் சிக்கியிருப்பதும் அதை ஒட்டித்தான்.

அந்தக் கடைசி இடத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. யூரேட்டர் சிறுநீர்ப்பைச் சுவரை நேராகத் துளைப்பதில்லை, சாய்வாக ஊடுருவுகிறது. பை நிறையும்போது அந்தச் சாய்வுப் பகுதி அமுங்கி மூடிக்கொள்ளும்; சிறுநீர் மேலே திரும்பாது. பலூன் வைத்தோ தடித்த ஸ்கோப்பை அழுத்தியோ அந்த வாசலைக் கிழித்துவிட்டால், கல் போய் ரிஃப்ளக்ஸ் (சிறுநீர் மேலே திரும்புவது) வந்து சேரலாம். குழந்தைகளின் யூரேட்டரை வலுக்கட்டாயமாக விரிப்பதற்கு அனுபவசாலிகள் தயங்குவது இதனால்தான்.

இனி அறுவை அரங்கில் என்ன நடந்திருக்கும் என்று பார்க்கலாம். மயக்கத்தில் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைப் பஞ்சுமெத்தை வைத்த தாங்கிகளில் ஏற்றுவார்கள். முதலில் சிறிய சிஸ்டோஸ்கோப்பால் சிறுநீர்ப்பையைப் பார்ப்பார்கள். பிறகு யூரேட்டர் வாசலில் மெல்லிய குழாய் வைத்து, பாதிக்குப் பாதி நீர்த்த சாய மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே திரையில் பார்ப்பார்கள். நோயை நிர்ணயிப்பதில் மிகவும் பயன் தரும் கட்டம் இது. கல் எங்கே இருக்கிறது, அதற்குக் கீழே வேறு சுருக்கம் உண்டா, குழாய் வளைந்து நெளிந்திருக்கிறதா என்பதெல்லாம் ஒரே படத்தில் தெரிந்துவிடும். அடுத்து, கைடு ஒயர். 0.035 அல்லது 0.025 அங்குலம் கனமுள்ள, வழுவழுப்பான நுனி கொண்ட கம்பி கல்லைத் தாண்டிச் சிறுநீரகம் வரை போக வேண்டும். இந்த ஒயர் வெளியே வந்துவிட்டால் வழி தொலைந்துவிடும். வேலை முடியும்வரை அது அங்கேயே இருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் ஸ்கோப். சில சமயம் வாசலிலேயே நின்றுவிடும். சில சமயம் ஒரு சென்டிமீட்டர் போனதும் சுவர் ஸ்கோப்பைக் கவ்விப் பிடித்து, ரத்தம் வற்றி வெளுத்துத் தெரியும். ஸ்கோப்பை லேசாகப் பின்னால் இழுத்தால் குழாயும் சேர்ந்து வரும். இந்த அடையாளங்களைப் பார்த்தும் அழுத்துபவர்தான் பழக்கம் போதாதவர். அழுத்தினால் நடப்பது இவை: உட்சவ்வு உரிந்து ஸ்கோப் பொய்வழியில் போகும், சுவரில் ஓட்டை விழும், ரத்த ஓட்டம் நசுங்கி, சில வாரங்கள் கழித்து அந்த இடம் தழும்பாகச் சுருங்கும், மிக மோசமான நிலையில் யூரேட்டரே அறுந்து ஸ்கோப்போடு இறங்கிவரும். கடைசியாகச் சொன்னது மிக அபூர்வம். நடந்துவிட்டால் பெரிய அறுவை சிகிச்சை, சில சமயம் அந்தச் சிறுநீரகத்தையே இழக்க நேரிடும். இதோடு ஒப்பிட்டால் இரண்டு வாரத் தாமதம் ஒன்றுமே இல்லை.

ஸ்டென்ட் வைத்தால் குழாய் எப்படி விரிகிறது என்பது பலருக்குப் புரியாத புதிர். யாரும் உள்ளிருந்து நெம்பி விரிப்பதில்லை. யூரேட்டர் என்பது அலையலையாகச் சுருங்கிச் சிறுநீரைத் தள்ளும் தசைக்குழாய். உள்ளே ஒரு குழாய் நிரந்தரமாகக் கிடந்தால் அந்த அலை ஓய்ந்து, தசை தளர்ந்துவிடும். ஒரு வாரம், இரண்டு வாரம் போனால் முன்பு 1.5 மி.மீ.க்கே மறுத்த வாசல் பெரும்பாலும் தாராளமாக வழிவிடும். அதே நேரத்தில் அடைப்பும் நீங்கி, சிறுநீரகம் வடிந்துகொண்டிருக்கும். ஆக, முதல் நாளில் பாதி வேலை முடிந்தாயிற்று.

அப்படியானால் எல்லாக் குழந்தைகளுக்கும் முதலிலேயே ஸ்டென்ட் வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பதுதான் அமெரிக்க யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலும். பல குழந்தைகளுக்கு முதல் தடவையே ஸ்கோப் ஏறிவிடுவதால், எல்லாருக்கும் ஒரு மயக்க மருந்தை வீணாகக் கூட்டுவானேன்? சிலர் ஒரு வாரம் முன்பிருந்தே டாம்சுலோசின் கொடுத்து யூரேட்டர் தசையைத் தளர்த்திப் பார்ப்பார்கள். எதைச் செய்தாலும், ‘இரண்டு தடவை ஆகலாம்’ என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு வந்த மனத்தாங்கலில் பாதி, அதைச் சொல்லாமல் விட்டதால் வந்தது.

மயக்க மருந்து பற்றி: ஆரோக்கியமான ஐந்து வயதுக் குழந்தைக்கு இரண்டு வார இடைவெளியில் இன்னொரு மயக்கம் பெரிய சுமை இல்லை. 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 3 மணி நேரத்துக்கு மேலான அல்லது திரும்பத் திரும்பத் தரும் மயக்கம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அந்த வயதில் இரண்டு முறை, மூன்று முறை என்று போவதை நிறுத்தி யோசிக்க வேண்டும். உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். திட உணவும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவது வழக்கம். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள்.

இரண்டாவது தடவைக்கு முன்னால் விட்டுவிடக் கூடாத ஒன்று சிறுநீர் கல்ச்சர். முதல் தடவைக்கு முன் எடுத்தது சுத்தமாக இருந்தது என்பது இப்போது செல்லாது. ஸ்டென்ட் ஒரு வெளிப்பொருள்; கிருமிகள் அதில் படிந்து குடியேறும். அறுவைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு கல்ச்சர் எடுத்து, கிருமி வளர்ந்தால் அதற்கேற்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காய்ச்சலோடு அடைப்பும் இருக்கும் குழந்தைக்கோ ஸ்கோப் அறவே கூடாது. அங்கே செய்ய வேண்டியது வடிகால் மட்டும்: ஸ்டென்ட், அல்லது முதுகுப்பக்கம் தோல் வழியாக வைக்கும் நெஃப்ரோஸ்டமி குழாய். சீழ் கலந்த சிறுநீர் தேங்கிய சிறுநீரகத்துக்குள் தண்ணீரை அழுத்திப் பாய்ச்சினால், கிருமிகள் நேராக ரத்தத்தில் ஏறும். கல் காத்திருக்கும், கிருமி காத்திருக்காது.

தண்ணீர் என்றதும் ஒரு விஷயம். ஸ்கோப் வழியாகப் பார்க்க உள்ளே திரவம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது 0.9% சலைன்தான், வெறும் நீரோ கிளைசினோ உடலில் ஏறினால் சோடியம் சரிந்துவிடும். 37 டிகிரிக்குச் சூடாக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் சிறு குழந்தை அரை மணி நேரத்தில் சில்லிட்டுப் போகும். பையைக் குழந்தையின் மட்டத்துக்கு மேல் 40 முதல் 60 செ.மீ. உயரத்தில் தொங்கவிடுவார்கள். சிறுநீரகத்துக்குள் அழுத்தம் 40 செ.மீ. நீர்மட்டத்தை நெருங்கினால் திரவம் பின்னோக்கி ரத்த நாளங்களுக்குள் கசியத் தொடங்கும். பார்வை மங்கலாகிறதே என்று சிரிஞ்சால் கையில் அழுத்தினால் அது எளிதாக 100-ஐத் தாண்டிவிடும். 15 கிலோக் குழந்தையின் மொத்த ரத்தமே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். பெரியவர்களிடம் தெரியாமல் போகும் கசிவு இங்கே கணக்கில் வரும். ஸ்கோப்பின் பக்கத்திலேயே ஒரு 6 ஃபிரெஞ்ச் குழாயைச் சிறுநீர்ப்பையில் விட்டு வடித்துக்கொண்டே இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். சிறு வேலைதான், ஆனால் அதை மறந்துவிட்டு ‘ஏன் ஒன்றும் தெரியவில்லை’ என்று அழுத்தத்தைக் கூட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

கல்லை உடைக்க ஹோல்மியம் லேசர். இதன் ஒளி தண்ணீரில் அரை மி.மீ. தூரத்துக்குள்ளேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது, ஃபைபர் நுனி கல்லைத் தொட்டபடி இருந்தால் சுவருக்கு ஆபத்து குறைவு. தூளாக்க வேண்டுமானால் ஒரு துடிப்புக்கு 0.2–0.4 ஜூல், நொடிக்கு 15–20 துடிப்பு. துண்டாக்க வேண்டுமானால் 0.6–1 ஜூல், 5–10 துடிப்பு. இரண்டையும் பெருக்கினால் வாட். குறுகிய யூரேட்டருக்குள் அது 10 வாட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் ஓட்டம் குறைந்த சலைன் நொடிகளில் சூடாகிச் சுவரைச் சுட்டுவிடும். கல்லை நடுவில் துளைக்கத் தொடங்கினால் துண்டுகள் மேலே ஓடும். ஓரத்திலிருந்து அரித்து வருவதே பாதுகாப்பு. 8 மி.மீ. கல்லை முழுசாகக் கூடையில் பிடித்து இழுப்பது நினைத்துப் பார்க்கவும் கூடாத காரியம். நிட்டினால் கம்பியால் பின்னிய 1.5–1.9 ஃபிரெஞ்ச் கூடையில் பிடிப்பது வழியே தடையில்லாமல் வரும் துண்டுகளை மட்டும். வழியில் சிக்கினால் இழுக்காமல், கூடையைத் திறந்து துண்டை விட்டுவிட்டு மறுபடி லேசர் போட வேண்டும். 2 மி.மீ.க்குக் குறைந்த பொடியைக் குழந்தையின் யூரேட்டர் தானே தள்ளிவிடும். இந்த விஷயத்தில் குழந்தைகள் பெரியவர்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

எக்ஸ்ரே பற்றிப் பயம் இருந்தால் கேட்கலாம். தொடர்ச்சியாகத் திரையை ஓட்டாமல் துடிப்பு முறையில், படப்பரப்பைச் சுருக்கி, தேவைப்படும் நொடிகளுக்கு மட்டும் கால்மிதியை அழுத்தினால் கதிர்வீச்சு மிகக் குறைவு. ஸ்கோப்பால் கண்ணால் பார்க்கும் நேரத்தில் எக்ஸ்ரேயும் ஓடிக்கொண்டிருக்க அவசியமில்லை.

வேலை முடிந்த பிறகு மறுபடி ஸ்டென்ட் வைப்பார்களா? சுவர் உரசியிருந்தால், வீக்கம் இருந்தால், பொடி நிறைய இருந்தால் வைப்பார்கள். குழந்தைக்கு எத்தனை நீளம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: வயதோடு 10-ஐக் கூட்டினால் சென்டிமீட்டர். உங்கள் பையனுக்கு 15 செ.மீ. நீளம் கூடினால் ஸ்டென்ட்டின் கீழ்நுனியில் உள்ள சுருள் சிறுநீர்ப்பையின் அடியைக் குத்திக்கொண்டே இருக்கும். குறைந்தால் மேலே ஏறிவிடும். ஸ்டென்ட் நுனியில் நூல் கட்டி வெளியே விட்டிருந்தால் சில நாள் கழித்து மயக்கம் இல்லாமலே உருவிவிடலாம். துறுதுறுப்பான குழந்தை தானே இழுத்துவிடும் அபாயமும் உண்டு. தொடையிலோ அடிவயிற்றிலோ ஒட்டி, மேலே டயப்பர் அல்லது இறுக்கமான உள்ளாடை போட்டால் சமாளிக்கலாம். நூல் இல்லையென்றால் எடுப்பதற்கு இன்னொரு சிறு மயக்கம் தேவைப்படும். நூல் வைப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்டென்ட்டோடு வீட்டில் இருக்கும் இந்த இரண்டு வாரத்துக்கு: சிறுநீர் இளஞ்சிவப்பாக வரும், ஓடியாடினால் கொஞ்சம் கூடும், தண்ணீர் குடித்தால் தெளியும். சிறுநீர் கழிக்கும்போது விலாவில் சுருக்கென்று வலிக்கும். ஸ்டென்ட் வழியாகச் சிறுநீர் மேலே ஏறுவதுதான் காரணம். அடிக்கடி ஓட வேண்டியிருக்கும், பழையபடி படுக்கையை நனைக்கலாம், திட்டாதீர்கள். பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., 6 மணிக்கொரு தடவை. சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் ஆக்சிபியூட்டினின் கொடுத்திருந்தால் மலச்சிக்கலைக் கவனியுங்கள். மலம் இறுகினால் சிறுநீர்ப்பைத் தொந்தரவு இரட்டிப்பாகும். 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், கட்டிகட்டியாக ரத்தம், நிற்காத வாந்தி, 8 மணி நேரமாகச் சிறுநீரே இல்லை என்றால் மறுநாள்வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம், அன்றே கிளம்புங்கள். ஸ்டென்ட் வைத்த தேதியைக் கைபேசி நாட்காட்டியிலும் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலும் எழுதி வையுங்கள். வலி குறைந்ததும் மறந்துவிடுகிறவர்கள் உண்டு. மாதக் கணக்கில் உள்ளே கிடந்தால் ஸ்டென்ட்டின் மேலேயே கல் படிந்து, அதை எடுப்பதே தனி அறுவை சிகிச்சையாகிவிடும்.

இதே பக்கத்துக்கு ‘என் குழந்தைக்கும் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, கல் இல்லை, ஸ்கோப்பில் சரிசெய்ய முடியுமா’ என்ற எண்ணத்தோடு வருகிறவர்கள் பலர். பெரும்பாலும் முடியாது. குழந்தைகளின் அடைப்பில் மிகுதியானவை பிறவிக் கோளாறுகள். சிறுநீரகமும் யூரேட்டரும் சேரும் இடத்துச் சுருக்கத்துக்கு அந்தத் துண்டை வெட்டி எடுத்து மறுபடி தைக்கும் பைலோபிளாஸ்டிதான் முதல் தேர்வு. அதன் வெற்றி 90 சதவீதத்துக்கும் மேல். உள்ளிருந்து லேசரால் கீறி விரிப்பது அதற்கு ஈடாகாது, வெளியே ரத்தக் குழாய் ஒன்று குறுக்கே ஓடினால் ஆபத்தும்கூட. பைலோபிளாஸ்டி செய்த இடம் மறுபடி சுருங்கியிருந்தால் மட்டும் அதைப் பரிசீலிக்கலாம். வெளிவழி வால்வை எரிப்பதும், சிறுநீர்ப்பைக்குள் பலூன் போலத் தொங்கும் யூரிட்டரோசீலைக் குத்தி வடிப்பதும் சிஸ்டோஸ்கோப்பால் செய்பவை; யூரிட்டரோஸ்கோப் அங்கே தேவையில்லை. அடிப்பகுதி சுருங்கி மேலே விரிந்த மெகாயூரேட்டருக்குச் சில மையங்களில் பலூனால் விரித்து ஸ்டென்ட் வைக்கிறார்கள். பல குழந்தைகளுக்கு அது ஒன்றும் செய்யாமலே சரியாகிவிடும்.

வீக்கம் எல்லாம் அடைப்பும் அல்ல. அல்ட்ராசவுண்டில் வீக்கம் தெரிந்தால், லேசிக்ஸ் (சிறுநீரைப் பெருக்கும் மருந்து) ஊசி போட்டு எடுக்கும் ரீனோகிராம் (கதிரியக்க மருந்து சிறுநீரகத்தில் சேர்ந்து வடிவதைக் காட்டும் ஸ்கேன்) பார்க்க வேண்டும்: சேர்ந்த மருந்தில் பாதி 10 நிமிடத்துக்குள் வடிந்தால் அடைப்பு இல்லை, 20 நிமிடத்தைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். ஸ்கோப்பின் கண் உண்மையிலேயே பயன்படுவது வேறு இடங்களில். படத்தில் கல் போலவும் இல்லாமல் சுருக்கம் போலவும் இல்லாமல் ஓர் அடைப்பு தெரிந்தால், உள்ளே போய்ப் பார்க்கும்போது அது விரல் போல நீண்டு ஆடும் பாலிப்பாக (சதை வளர்ச்சியாக) இருக்கலாம். அங்கேயே துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அடியை லேசரால் வெட்டிவிடலாம். ஒரே பக்கமிருந்து காரணம் தெரியாமல் ரத்தம் வந்துகொண்டிருந்தாலும் ஸ்கோப் உதவும்.

கல் வெளியே வந்ததும் அதைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து வயதில் கல் என்றால் காரணம் தேடியே ஆக வேண்டும்: சிறுநீரில் கால்சியம் கூடுதல், சிட்ரேட் குறைவு, சிஸ்டின், ஆக்சலேட் என்று பட்டியல் உண்டு. 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையை ஸ்டென்ட் எடுத்து, குழந்தை வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகு செய்வது சரியான விடை தரும். 5 முதல் 10 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் திரவம் இலக்கு. உப்பைக் குறையுங்கள், பாலை நிறுத்தாதீர்கள். கால்சியத்தைக் குறைத்தால் குடலில் ஆக்சலேட் அதிகமாக உறிஞ்சப்பட்டுக் கல் கூடும், வளரும் எலும்பும் கெடும்.

எல்லாம் முடிந்து ஸ்டென்ட் எடுத்த 4 முதல் 6 வாரத்தில் ஓர் அல்ட்ராசவுண்ட் கட்டாயம். குழந்தை ஓடி விளையாடுகிறான், வலியே இல்லை என்றாலும் எடுக்க வேண்டும். யூரேட்டர் தழும்பாகச் சுருங்கும்போது பெரும்பாலும் வலிக்காது. சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கிக்கொண்டிருக்கும், அதைக் காட்டுவது அந்த ஒரு ஸ்கேன்தான்.